ஏர்த்தர் வயரைப் பிடித்த நாள்

எங்கள் தீவில் கார் வைத்திருந்தவர்களில் ஏர்த்தரிடம் ஷொக் வாங்காதவர் ஒருவர்கூட இல்லை. ஊர் நிர்வாகம் பார்த்த விதானையார் வாங்கினார். மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டியார் வாங்கினார். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் பிரம்பு பிடித்த கையாலேயே வாங்கினார். கோயில் ஐயர் தோய்ந்து, திருநீறு பூசி, ஈரம் காயாமல் வந்து வாங்கினார். இத்தனைக்கும் ஏர்த்தர் யாருக்கும் எதிரி இல்லை. கார்களுக்கு மின்சார வேலை செய்கிறவர். அவர் பிழை பார்க்கிற முறை அப்படி.

அவருடைய உண்மையான பெயர் வாக்காளர் இடாப்பில் எங்காவது இருந்திருக்கும். எங்கள் புங்குடுதீவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. எந்தக் காரில் என்ன பிழை என்றாலும் “ஏர்த்து” என்பார். லைற் எரியவில்லையா, ஏர்த்து. ஹோன் நிற்கவில்லையா, ஏர்த்து. காரின் கதவு சாத்துப்படவில்லை என்று ஒருவர் கொண்டுவந்து காட்டியபோதும், தாடையைச் சொறிந்து நெடுநேரம் யோசித்துவிட்டு, “ஏர்த்தாயும் இருக்கலாம்” என்றாராம். அன்றோடு அந்த மனிதர் ஏர்த்தரானார்.

ஏர்த்து என்றால் என்னவென்று அறியாதவர்களுக்கு அவருடைய விளக்கத்தையே தந்துவிடுகிறேன். பற்றறியிலிருந்து கறண்ட் வயர் வழியாக லைற்றுக்குப் போகிறது. போய் வேலையை முடித்துவிட்டு, காரின் இரும்பு உடம்பு வழியாகப் பற்றறிக்குத் திரும்பி வருகிறது. அந்தத் திரும்பி வருகிற வழிதான் ஏர்த்து.

“போறதுக்கு ஆயிரம் வழி கிடக்கு, பிள்ளை. போறது பெரிய காரியமில்லை. போனது திரும்பி வருதோ எண்டுதான் பார்க்கவேணும்,” என்பார். எந்தக் காரைப் பார்த்தாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார்.

உப்புக் காற்றில் ஆணியும் சட்டியும் உதிர்ந்துபோகிற எங்கள் தீவில் பாதிக் கார்களுக்கு அது உண்மையாகவும் இருந்தது. மற்றப் பாதிக்கு இல்லை. சம்மாட்டியாரின் வான் ஒருநாள் நடுவீதியில் நின்றுவிட்டது. ஏர்த்தர் காலையில் வந்தார். கண்ட கண்ட இடத்திலெல்லாம் பெயின்றைச் சுரண்டினார், புது வயர் இழுத்தார், பழைய வயரை அறுத்தார். பொழுது சாய்கிற நேரம் சம்மாட்டியாரின் மனைவி வந்து, ஒரு பூவரசந்தடியை முறித்து, பெற்றோல் தாங்கிக்குள் விட்டு எடுத்துக் காட்டினார். தடி காய்ந்து வந்தது.

எல்லோரும் ஏர்த்தரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. “பெற்றோல் விட்டா ஓடும். ஆனா இப்ப ஏர்த்து இருக்கிற மாதிரி இந்த வானுக்கு ஒருநாளும் இருந்ததில்லை,” என்று சொல்லிவிட்டுத் தன் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இனி அந்த ஷொக் விஷயத்துக்கு வருகிறேன். கார் ஸ்ராட் ஆகவில்லை என்றால் எஞ்சினுக்குப் பொறி போகிறதா என்று பார்க்க வேண்டும். கொயில் என்றொரு சாமான் பற்றறியின் சின்னக் கறண்டை வாங்கிப் பெரிய கறண்டாக்கி அனுப்புகிறது. ஊர் உலகத்து மெக்கானிக்மார் அந்தக் கொயில் வயரைக் கழற்றி, எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்து, நீலப் பொறி பாய்கிறதா என்று பார்ப்பார்கள். ஏர்த்தருக்கு அதில் நம்பிக்கை இல்லை.

“எங்கடை வெய்யிலுக்கை பொறி கண்ணுக்குத் தெரியுமோ? இந்தக் காத்துக்கை சத்தம் காதிலை விழுமோ? மனிசன்தான் பொய் சொல்லமாட்டான். இந்தாரும், இதைப் பிடியும்.”

அவ்வளவுதான். காருக்குச் சொந்தக்காரர் வயரின் நுனியைப் பிடிக்க வேண்டும். ஏர்த்தர் ஸ்ராட்டரை இழுப்பார். சொந்தக்காரர் துள்ளுவார். துள்ளும்போது வாயிலிருந்து என்ன சொல் வருகிறதோ, அதை வைத்து ஏர்த்தர் கொயிலுக்குத் தரம் போடுவார். வெறும் “ஸ்ஸ்” என்றால் கொயில் சாகக் கிடக்கிறது. “ஐயோ” என்றால் இன்னும் கொஞ்சக் காலம் இழுக்கும். “அம்மா” என்றால் முதல்தரம். கெட்ட வார்த்தை வந்தால் கொயில் புதிது. எங்கள் பெரிய வாத்தியாருடைய காரின் கொயில் புத்தம் புதிது என்பதை, அன்று வீதியில் நின்ற அவருடைய மாணவர்கள் எல்லோரும் அறிந்துகொண்டார்கள்.

ஐயர்தான் அவரைக் குழப்பிவிட்டார். வயரைப் பிடித்ததும் ஐயர் “சிவசிவா!” என்று துள்ளினார். ஏர்த்தருக்கு அது எந்தத் தரத்தில் சேரும் என்று தெரியவில்லை. “ஐயா, குறை நினைக்கக் கூடாது. எனக்குச் சரியா விளங்கேல்லை. இன்னொருக்காப் பிடியுங்கோ,” என்றார். இரண்டாம் தரம் ஐயர் எல்லா மனிதரும் சொல்வதையே சொன்னார்.

“ஏனண்ணை, நீங்களே பிடிச்சுப் பார்க்கலாமே?” என்று கேட்காதவர்கள் இல்லை. அதற்கும் பதில் வைத்திருந்தார்.

“நானோ? எவ்வளவு காலமாக் கறண்டோடை சீவிக்கிறன்! என்ரை உடம்பு மரத்துப் போச்சு. எனக்கு அடிச்சா எனக்கே தெரியாது. இதுக்குப் புதாள் வேணும்.”

நாங்கள் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது? தீவில் வேறு ஆள் இல்லை. ஆனால் ஏர்த்தர் ஒரு காரின் பொனற்றைத் திறக்கிறார் என்றால் அந்த வீதியில் சனம் இராது. வேடிக்கை பார்க்க நின்றவர்களுக்கெல்லாம் திடீரென்று மாட்டைக் கட்டுகிற வேலை வந்துவிடும். நன்றாக நிமிர்ந்து நடந்து வந்தவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு “எனக்கு இருதயம் கூடாது” என்பார்கள்.

ஆளுடைய தோற்றத்தையும் சொல்ல வேண்டும். ஒல்லி உடம்பு, முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய சாரம். காலில் லொறி ரயரில் வெட்டித் தைத்த செருப்பு, அதுவும் இரண்டு தட்டு. அந்தச் செருப்பை அவர் கழற்றி யாரும் கண்டதில்லை. கலியாண வீட்டில் பந்திவரைக்கும் அதோடு வருவார். கோயிலில் கழற்றவேண்டி வரும் என்பதால் வீதியில் நின்றே கும்பிடுவார். ஒரு பலகைத் துண்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரிவார். கார் வேலை செய்யும்போது அதன்மேல்தான் நிற்பார். வீட்டு வாசலில் கறண்ட் போஸ்ற் நின்றும் வீட்டுக்குக் கறண்ட் எடுக்கவில்லை. கேட்டால், “நாள் முழுக்க அதோடை மாரடிச்சிட்டு வீட்டிலையும் அதின்ரை மூஞ்சியிலை முழிக்கவோ?” என்பார். இதெல்லாம் கெட்டிக்காரர்களுக்கு இருக்கிற தலைக்கனம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

நான் பக்கத்துத் தீவுச் சுருவில்காரி. கலியாணம் முடித்துப் புங்குடுதீவு மடத்துவெளிக்கு வந்தபோது மாமி வீட்டுக் கொட்டிலில் ஒரு பழைய ஏ ஃபோட்டி கார் நின்றது. மாமாவுக்குத் தெற்கே ஒரு பட்டணத்தில் கடை இருந்தது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடையும் எரிந்து போனது, மேல்வீடும் போனது. அந்த ஏக்கத்திலேயே மாமாவும் போய்ச் சேர்ந்தார். கார் மட்டும் தப்பியது. அந்தக் கிழமை அது ஸ்ராட் ஆகமாட்டேன் என்று அடம்பிடித்து ஒரு சிங்களவருடைய கராச்சில் கிடந்ததால்தான் தப்பியது. அந்த நல்ல மனிதர் பிறகு அதை ஒரு லொறியில் ஏற்றி அனுப்பிவைத்தார். மாமிக்கு அது கார் இல்லை. மாமாவின் மிச்சம். காலையில் சாமிப்படத்துக்கு ஒரு பூ, காருக்கு ஒரு பூ.

அந்தக் கார் அப்போது ஒரு விசர்க் கூத்து ஆடிக்கொண்டிருந்தது. பிறேக்கை அமத்தினால் ஹோன் அடிக்கும். இடப்பக்கச் சிக்னலைப் போட்டால் வைப்பர் எழும்பி ஆடும். மாமிக்கு இதில் ஆச்சரியம் இல்லை. “அது அவர்தான். ஆரும் பிறேக் அடிச்சா அவருக்குப் பிடிக்காது,” என்றார்.

இவர், அதாவது என் வீட்டுக்காரர், ஏர்த்தரைக் கூட்டிவந்தார். ஏர்த்தர் பின்பக்க லைற்றின் அடியில் துருப்பிடித்திருந்த ஒரு இணைப்பைச் சுரண்டி முறுக்கினார். ஹோன் அடங்கியது, வைப்பர் படுத்தது. திரும்பிப் போக வழி கிடைக்காத கறண்ட் கண்ட கண்ட வீட்டுக்குள் நுழைந்து திரிந்ததாம். அன்றைக்கு ஏர்த்து என்பது உண்மையாகவே ஏர்த்துத்தான். அதோடு அவர் போயிருக்கலாம்.

“வந்தது வந்திட்டன், கொயிலையும் ஒருக்காப் பாப்பம்,” என்று பொனற்றைத் தூக்கினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற இவரைக் காணோம். மாமி குசினிக்குள் போய்க் கதவையும் சாத்திவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுருவிலில் எங்களிடம் காரும் இல்லை, ஏர்த்தரும் இல்லை.

“பிள்ளை, நீர் இதைக் கொஞ்சம் பிடியும்,” என்றார்.

பிடித்தேன். அடுத்த கணம் யாரோ என் முழங்கைக்குள் புகுந்து எலும்பை உலுப்பிவிட்டது போல இருந்தது. கொட்டிலின் கப்புத் தூணில் போய் மோதினேன். கலியாணச் சேலையின் மடிப்புக் குலையாத புதுப்பெண், தலைமயிர் நிமிர்ந்து நிற்கிறேன். இந்த ஊரில் பெண் எடுக்கிறது இதற்குத்தானா என்று நினைத்தேன்.

ஏர்த்தர் கவலையோடு என்னிடம் வந்தார். என்னைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“நீர் இப்ப ‘ஐயோ அம்மா’ எண்டு ரெண்டையும் சேர்த்துச் சொல்லிப்போட்டீர். எதை முதலிலை சொல்ல நினைச்சனீர்?”

கொட்டிலுக்குப் பின்னாலிருந்து இவருடைய குரல்தான் வந்தது: “என்னவாம் அண்ணை, கொயில்?”

இதற்குப் பிறகு நான் பிள்ளைத்தாய்ச்சியானேன். ஏழாம் மாதம் மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டார். பிள்ளை தலையை மேலே வைத்துக்கொண்டு காலைக் கீழே நீட்டிக்கொண்டு இருக்கிறதாம். வீட்டில் வைத்துப் பார்க்கத் தன்னால் ஏலாது, பிரசவ நோ தொடங்கியதும் கடலை ஊடறுத்துப் போகிற தாம்போதி வீதியைத் தாண்டி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும், பிந்தினால் இரண்டு உயிருக்கும் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை என்ற காலம் அது. மற்றக் கார்கள் பெற்றோல் இல்லாமல் கொட்டில்களில் நின்றன. என் உயிரும் வயிற்றில் கிடந்த உயிரும் அந்த ஏ ஃபோட்டி ஸ்ராட் ஆகுமா என்பதில் வந்து நின்றன.

இவர் அதற்கென்றே கொஞ்சப் பெற்றோலை ஒளித்து வைத்துக்கொண்டு, நாள்தோறும் காலையில் காரை ஒருதரம் ஸ்ராட் செய்து பார்ப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும். ஒருநாள் காலை சத்தம் வரவில்லை. ஸ்ராட்டரை இழுத்தால் ‘டக்’ என்றது, அவ்வளவுதான்.

ஏர்த்தர் வந்து பொனற்றைத் தூக்கினார். தூக்கினவர் அப்படியே நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். பற்றறிக்குச் சந்தனக்காப்புச் சாத்தியிருந்தது. இரண்டு பக்கத்து வயர்க் கொளுக்கிகளின் உள்ளேயும் வெளியேயும் சந்தனம், அதன்மேல் குங்குமம், சுற்றிவரத் திருநீறு. தீர்த்தமும் தெளித்திருந்தது.

“ஆர் இந்த வேலை பார்த்தது?” என்று ஏர்த்தர் கேட்டது அடுத்த வீட்டு வளவுக்கும் கேட்டது.

மாமி கூச்சப்படவே இல்லை. “நான்தான். காருக்கு உயிர் பற்றறி எண்டு நீர்தானே தம்பி சொன்னனீர். அதுதான் கொளுக்கியைக் கழட்டி உயிரிலை பூசினனான். பிள்ளைப் பெறு நல்லா நடக்கவேணும் எண்டு.”

“அக்கா, சந்தனம் காய்ஞ்சா கறண்ட் எப்பிடிப் போகும்? போற வழியிலும் சந்தனம், வாற வழியிலும் சந்தனம்! கறண்ட் என்ன, தேரோ? ஆடி ஆடி வர?”

“சாமிக்குப் பூசினது கறண்டுக்குக் கூடாதோ?”

“கூடாது!”

“அப்ப அது என்ன கறண்ட்?” என்றார் மாமி.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. மாமி இனிப் பின்பக்கத்தில் கிடக்கிற உபரிச் சில்லுக்குப் பூசை செய்யலாம். பொனற்றுப் பக்கம் வரக்கூடாது. ஏர்த்தர் சந்தனத்தைச் சுரண்டி எடுக்க, கார் உறுமிக்கொண்டு எழும்பியது. கொயில் வயரைப் பற்றி அவர் அன்றைக்கு மூச்சும் விடவில்லை. நான் கிட்டப் போனபோது, “பிள்ளை, அங்காலை போம். வயித்திலை பிள்ளையோடை இந்தப் பக்கம் வரப்படாது,” என்று கத்தினார். சொந்தக்காரர்களைப் பிடித்துப் பிடித்து ஷொக் கொடுத்த மனிதர் இப்படியும் கத்துவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நோ வந்தது நல்ல உச்சி வெய்யிலில். சோளகக் காற்று பிளந்து அடித்துக்கொண்டிருந்தது. கார் முதல் இழுப்பிலேயே ஸ்ராட் ஆனது. மாமியும் நானும் பின்னால். மாமியின் மடியில் ஒரு பொட்டலி. பிள்ளையை ஏந்துவதற்கென்று பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, தோய்த்து, காயவைத்து, மடித்துக் கட்டிய துணிகள் அதற்குள் இருந்தன. பிள்ளையின் உடம்பில் முதலில் படுகிற துணி, அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று மாமிக்குக் கடும் சட்டம்.

ஏர்த்தரின் வீடு தாம்போதிக்குப் போகிற வழியில். நாங்கள் அதைக் கடக்கிறபோது ஒரு மனிதர் கிணற்றடியிலிருந்து ஈரச் சாரத்தோடு, காதில் சவர்க்கார நுரையோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வீதிக்குப் பாய்ந்தார்.

“நிப்பாட்டும் தம்பி! சத்தம் சரியில்லை! ஃபான் பெல்ற் கிறீச்சிடுது!”

“அது பெல்ற் இல்லை அண்ணை,” என்றேன் நான். “நான்தான்.”

ஏர்த்தர் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். முன்கதவைத் திறந்து ஏறி இருந்துவிட்டார். தாம்போதியில் ஏறியபோதுதான் பார்த்தேன், அவருடைய காலில் செருப்பு இல்லை. அந்த மனிதரின் பாதத்தை ஊரில் முதன்முதலில் கண்டவள் நானாகத்தான் இருப்பேன்.

தாம்போதியின் இரு பக்கமும் கடல். சோளகத்தில் அலை கல்லில் மோதி வீதிக்கு மேலால் தூவிக்கொண்டிருந்தது. நடுவுக்கு வந்திருப்போம். ஒரு பெரிய அலை எழும்பி நேரே காரின் முகத்தில் அறைந்தது. எஞ்சின் இரண்டு இருமல் இருமியது. நின்றுவிட்டது.

காற்றின் சத்தம் மட்டும். முன்னாலும் பின்னாலும் ஒரு சைக்கிள்கூட இல்லை. எனக்கு அடுத்த நோ எழும்பியது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, இருந்த எல்லாச் சாமிக்கும் ஆளுக்கொரு நேர்த்தி வைத்தார்.

ஏர்த்தர் இறங்கினார். “ஹோனை அடியும்!” ஹோன் அடித்தது. “ஸ்ராட்டரை இழும்!” எஞ்சின் நன்றாகச் சுற்றியது, ஆனால் பற்றவில்லை. ஏர்த்தர் நிமிர்ந்தார். அவருடைய முகத்தை நான் மறக்கமாட்டேன்.

“ஏர்த்து... சரி,” என்றார். வாழ்நாளில் முதல்தரமாகப் பிழை ஏர்த்தில் இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டி வந்த மனிதரின் குரல் அது. “பற்றறி சரி, ஏர்த்தும் சரி. பொறியிலைதான் எங்கையோ பிழை. கொயிலோ, அதுக்கு அங்காலையோ தெரியேல்லை.”

கண்ணைக் கூசவைக்கிற வெய்யில், காதை அடைக்கிற காற்று. பொறியைக் காணவும் முடியாது, கேட்கவும் முடியாது. அன்றைக்கு அவருடைய பழைய நியாயம் உண்மையாகவே நியாயமாகிவிட்டது. இதற்கு ஒரு மனிதன் வேண்டும்.

“என்னட்டைத் தாரும், நான் பிடிக்கிறன்!” என்று மாமி கதவைத் திறந்தார். என் மாமி! குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு நின்ற அதே மாமி!

“நீங்கள் பிள்ளையைப் பிடியுங்கோ அக்கா.”

இவர் இறங்கிப் போய்க் கையை நீட்டினார். ஏர்த்தர் அந்தக் கையைப் பார்த்தார்.

“இந்தக் கை இனிக் காரை ஓட்டவேணும். ஷொக் அடிச்ச கையாலை இந்தத் தாம்போதியிலை வளைக்க ஏலாது. போய் இரும் தம்பி. நான் சொல்லேக்கை இழும்.”

ஈரச் சாரம், ஈர உடம்பு, வெறுங்கால், காலடியில் கடல்தண்ணி. ஏர்த்தர் கொயில் வயரைக் கையில் எடுத்தார். கண்ணை இறுக்கி மூடினார். வாய் ஏதோ முணுமுணுத்தது. “இழும்!” என்றார்.

இவர் இழுத்தார்.

“அம்மாஆஆ!”

அந்தச் சத்தம் சோளகத்தையும் மீறிக்கொண்டு கேட்டது. மனிதர் எகிறி வீதியில் மல்லாக்க விழுந்தார். எனக்கு நோவே நின்றுவிட்டது. மரத்துப்போன உடம்பா இது? அடித்தால் தெரியாத ஆளா இவர்? நானும் மாமியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஏர்த்தர் எழும்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

“கொயில்... முதல்தரம்,” என்றார்.

பிறகுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. அவர் திரும்பவும் குனிந்து கொயில் வயரை அதன் இடத்தில் செருகிவிட்டு, பிளக்குக்குப் போகிற வயரைக் கழற்றிக் கையில் பிடித்தார். இந்தத் தரம் கண்ணை மூடமுதலே அழுகிற முகம். “இழும்!” இவர் இழுத்தார். ஒரு சத்தமும் வரவில்லை. ஏர்த்தர் ஒரு கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார்.

“அடிக்கேல்லை! தம்பி, அடிக்கேல்லை!” என்று வீதியில் நின்று துள்ளினார். “கொயிலாலை வருது, பிளக்குக்குப் போகேல்லை. பிழை இடையிலை!”

இடையில் இருப்பது, கொயிலின் கறண்டை நாலு பிளக்குக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற ஒரு கறுத்த மூடி. கழற்றிக் கவிழ்த்தார். உள்ளே கடல்தண்ணி. துடைக்க உலர்ந்த துணி வேண்டும். அவருடைய சாரம் ஈரம். இவருடைய சேர்ட் ஈரம். கதவைத் திறந்ததில் மாமியின் சேலையும் ஈரம். என் சேலையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஏர்த்தரின் கண் மாமியின் மடிக்குப் போனது.

மாமி ஒரு கணம் பொட்டலியை நெஞ்சோடு அணைத்தார். பிறகு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, மேலே இருந்த வெள்ளைத் துணியை எடுத்து நீட்டினார். ஏர்த்தர் அதை இரண்டு கையாலும் வாங்கி, மூடியின் மூலை முடுக்கெல்லாம் துடைத்து, ஊதி, திரும்பத் துடைத்துப் பூட்டினார்.

“இன்னொருக்காப் பிடிச்சுப் பாக்கவோ?” என்று கேட்டார்.

“வேண்டாம்!” என்று நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம். இவர் இழுத்தார். ஏ ஃபோட்டி உறுமியது.

ஆசுப்பத்திரியில் என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது ஏர்த்தர் ஈரச் சாரத்தோடு பக்கத்தில் ஓடி வந்தார். தாதி தடுத்தாள். அவர் எட்டி நின்று, “பிள்ளை, போறது பெரிசில்லை. திரும்பி வரவேணும். விளங்கிச்சுதோ?” என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

டொக்டர் இருந்தார். பிந்தவில்லை. கால் முன்னுக்கு வந்து பிறந்தாள் என் மகள். நானும் திரும்பி வந்தேன்.

மறுநாள் ஏர்த்தர் பார்க்க வந்தார். காலில் பழையபடி இரண்டு தட்டு ரயர் செருப்பு. கை விரலில் மாமி பூசிவிட்ட சந்தனம். பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பிறக்கேக்கை சத்தம் என்ன மாதிரி?”

“வாட்டு முழுக்கக் கேட்டதாம் அண்ணை.”

“அப்ப கொயில் நல்லம்,” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

நான் குரலைத் தாழ்த்தி, “உடம்பு மரத்துப் போச்சு எண்டு சொன்னனீங்கள்?” என்று கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்தார்.

“பிள்ளை, எனக்குச் சின்னனிலை இருந்து கறண்ட் எண்டாச் சீவன் போற பயம்.”

அந்தச் செருப்பு, அந்தப் பலகைத் துண்டு, கறண்ட் இல்லாத வீடு எல்லாம் அப்போதுதான் விளங்கின. “பிறகேன் அண்ணை இந்தத் தொழிலுக்கு வந்தனீங்கள்?”

“பனை ஏறவும் பயம். கடலுக்குப் போகவும் பயம். தீவிலை வேறை என்ன தொழில் கிடக்கு? ஆருக்கும் சொல்லிப்போடாதையும்.”

இவ்வளவு காலமும் சொல்லவில்லை. சில வருடங்களில் போரில் தீவே கலைந்தது. எல்லோரும் கையில் அகப்பட்டதோடு கிளம்பினோம். ஏ ஃபோட்டி கொட்டிலிலேயே நின்றுவிட்டது, உபரிச் சில்லில் சந்தனத்தோடு. ஏர்த்தரை வன்னியில் கண்டதாக ஒருவர் சொன்னார், இந்தியாவில் ஒரு முகாமில் ரேடியோ திருத்துகிறார் என்று இன்னொருவர் சொன்னார். போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. அவருடைய கணக்குப்படி பார்த்தால் எங்கள் தீவு முழுவதுக்கும் ஏர்த்துப் பிழைதான். அதைத் திருத்த அவரும் அங்கே இல்லை.

அந்த வெள்ளைத் துணியின் கறுப்புக் கறை எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லை. மாமி அதில்தான் பிள்ளையை முதலில் ஏந்தினார். வேறு துணி எடுக்க யாரையும் விடவில்லை. என் மகளுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு விஷயத்தில் அவளோடு சண்டை வரும். அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள், ஆனால் நடந்தது அதுதான். நான் தாயான அன்றைக்கு “அம்மா” என்று முதலில் கத்தியது அவள் இல்லை, ஏர்த்தர்.